மார்பகத்தில் சுண்ணாம்புத் துகள்கள் படிவது எவ்வாறு?

நெசவாளர் சங்கங்களையும் விவசாயக் கடன் சங்கங்களையும் பார்வையிட நாம் செல்லுமிடங்களில், வைத்தியச் செலவுக்காகக் கடன் கோரி அங்கத்தினர்கள் அளிக்கும் விண்ணப்பங்கள் நம் பார்வைக்கு வருவதுண்டு. அவற்றுடன் இணைக்கப்படும் ஆஸ்பத்திரி அறிக்கைகளில், மார்பக எக்ஸ்-ரே எடுத்துக்கொண்ட பெண்களைப் பற்றி, 'நுண்ணிய கால்சியம் படிவுகள் காணப்படுகின்றன' என்ற வாக்கியம் சில வேளைகளில் தென்படுகிறது. இதனைப் படிக்கும் குடும்பத்தினர் இரு வகையாக நடந்துகொள்கின்றனர். ஒரு சாரார், 'கால்சியம் என்பது எலும்புக்கு வலுவூட்டும் சத்துத்தானே. கட்டியும் இல்லை, வலியும் இல்லை' என்று கூறி, அறிக்கையை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகின்றனர். மற்றொரு சாரார், புற்றுநோய் உறுதியாகிவிட்டதாகவே எண்ணிக் கலங்கி, பாலையும் மோரையும் கேழ்வரகையும் உணவிலிருந்து விலக்கிவிடுகின்றனர்.

இவ்விரு போக்குகளும் தீங்கு பயப்பவை. முதற் போக்கினால் நோய் வளர இடம் கிடைக்கிறது. இரண்டாம் போக்கினால் வீணான அச்சமும், வேண்டிய உணவை இழத்தலும் நேர்கின்றன. இத்துகள்கள் எங்ஙனம் தோன்றுகின்றன என்பதை அறிந்துகொண்டால் இரண்டிலிருந்தும் விலகி நிற்கலாம். ஆகவே அதனை இங்கே சற்று விரிவாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

உடலில் சுண்ணாம்புச் சத்து

வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கால்சியம் உள்ளது. அதில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் அடங்கியிருக்கிறது. எஞ்சிய ஒரு பங்கே இரத்தத்திலும் மற்ற உறுப்புகளிலும் பரவியுள்ளது. இரத்த நீரில் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கால்சியம் உண்டு. தசை சுருங்குவதற்கும், இருதயம் துடிப்பதற்கும், இரத்தம் உறைவதற்கும் இது இன்றியமையாதது. ஆதலின், நாம் உண்பது கூடினாலும் குறைந்தாலும், இவ்வளவு மாறாதபடி உடல் காத்து வருகிறது.

கால்சியத்துடன் பாஸ்பேட் என்னும் பொருளும் இரத்தத்தில் கரைந்திருக்கிறது. இவ்விரண்டும் இணைந்தால் கிடைப்பது எலும்புக்கு உறுதி தரும் கால்சியம் பாஸ்பேட் ஆகும். இரத்தத்தில் இவ்விரண்டும் உள்ள அளவைக் கணக்கிட்டால், எங்கேனும் ஒரு படிகம் ஊன்றிவிட்டால் அது மேலும் வளர்வதற்குப் போதிய சரக்கு எப்போதும் இருக்கிறது என்பது விளங்கும். அவ்வாறிருந்தும் கண்ட இடங்களில் கல் விளையாமைக்குக் காரணம், அதனைத் தடுக்கும் காவற்பொருள்கள் உடலில் இருப்பதே. பைரோபாஸ்பேட் என்பது அவற்றுள் ஒன்று. கல்லீரலில் உண்டாகும் பெட்டுயின் என்னும் புரதம் மற்றொன்று.

கரைந்த பொருள் படிவதை நம் அங்கத்தினர்கள் தத்தம் தொழிலிலேயே கண்டிருப்பார்கள். கிணற்றில் தெளிவாக இருந்த நீரைச் சாயக் கொப்பரையில் பலமுறை கொதிக்க வைத்தால், அடியிலும் ஓரத்திலும் வெள்ளைப் பொருக்குப் பிடிக்கிறது. மண்ணில் ஈரத்தோடு கரைந்து வந்த சுண்ணாம்பு, ஈரம் வற்றுமிடத்தில் உருண்டு திரண்டு சுக்கான் கல்லாகிறது. அங்கே படிவது கால்சியம் கார்பனேட். உடலில் பெரும்பாலும் படிவது கால்சியம் பாஸ்பேட். ஆயினும் பொதுவான நியதி ஒன்றுதான். நீரில் சுண்ணாம்பு இருப்பதனால் மட்டும் அது படிந்துவிடுவதில்லை. படிவதற்கு அந்த இடத்தின் நிலை மாறவேண்டும். எனவே, மார்பகத்தில் சுண்ணாம்பு படிந்திருப்பின், உண்ட உணவில் காரணம் தேடுவது பொருந்தாது. அந்த இடத்தில் நேர்ந்த மாறுதல் யாது என்றே கேட்டல் வேண்டும்.

பால் நாளங்களின் அமைப்பு

மார்பகத்தில் 15 முதல் 20 வரையிலான பிரிவுகள் உள்ளன. ஒவ்வொரு பிரிவிலும் பால் சுரக்கும் நுண்பைகளும், அவற்றிலிருந்து காம்புவரை செல்லும் நாளங்களும் உள்ளன. நாளத்தின் உட்சுவரில் உயிரணுக்கள் ஒழுங்காக வரிசையிட்டு அமைந்திருக்கின்றன. தாய்ப்பாலில் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அஃதாவது இரத்தத்தில் உள்ளதைப்போல் மூன்று மடங்கு. இரத்தத்திலிருந்து கால்சியத்தை எடுத்துப் பாலில் சேர்ப்பது மார்பக உயிரணுக்களின் இயல்பான தொழில் என்பது இதனால் புலனாகும்.

மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலானவை இந்நாளங்களையும் நுண்பைகளையும் போர்த்தியுள்ள உயிரணுக்களிலேயே தொடங்குகின்றன. தொடக்கத்தில் அவை நாளத்தின் சுவரைக் கடவாமல் உள்ளேயே பெருகுகின்றன. இதனை 'நாளத்துக்குள் அடங்கிய புற்று' எனலாம். இந்நிலையில் உள்ளவை எல்லாமே சுவரைக் கடந்து பரவும் என்று கூறுவதற்கில்லை. ஆனால் பரவக்கூடியவை உண்டு. பெரும்பாலும் இப்பருவத்தில் கைக்குக் கட்டி தட்டுப்படுவதில்லை, வலியும் தோன்றுவதில்லை. இந்நிலையிலேயே கண்டு அகற்றப்பட்டால், அந்நோயால் உயிரிழப்பது அரிது. இப்பருவத்தில் கண்டறியப்படும் புற்றுகளில் பெரும்பாலானவற்றை நமக்குக் காட்டிக்கொடுப்பது சுண்ணாம்புத் துகள்களே. அவை அங்கே தோன்றும் வழிகள் மூன்று.

முதல் வழி: நடுப்பகுதி மடிதல்

பால் நாளத்தின் உட்புழையில் இரத்தக் குழாய்கள் இல்லை. உட்சுவர் உயிரணுக்களுக்கு வேண்டிய பிராணவாயுவும் உணவும் சுவருக்கு வெளியே ஓடும் நுண்குழாய்களிலிருந்து கசிந்தே வரவேண்டும். பிராணவாயு இவ்வாறு ஊடுருவிச் செல்லும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அல்லது இரு பங்குதான். இயல்பான நாளத்தில் ஓரிரு வரிசை உயிரணுக்களே இருப்பதால் குறையொன்றும் நேர்வதில்லை. புற்று தோன்றி அவை கட்டுப்பாடின்றிப் பெருகும்போது உட்புழை நிரம்பிவிடுகிறது. சுவரை ஒட்டியவை பிராணவாயுவைப் பெற்றுப் பிழைக்கின்றன. நடுவில் உள்ளவை அதனைப் பெறாமல் மடிகின்றன. தலைமடை வயல்கள் நீர் முழுவதையும் உறிஞ்சிக்கொள்ளக் கடைமடைப் பயிர் காய்வதைப் போன்றது இது.

உயிருள்ள அணு ஒன்று தனக்கு வெளியே உள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 10,000-இல் ஒரு பங்கையே உள்ளே வைத்துக்கொள்கிறது. உட்புகும் கால்சியத்தை ஓயாமல் இறைத்து வெளியேற்றும் நுண்ணிய அமைப்புகள் அதன் மேற்சவ்வில் உள்ளன. அவை இயங்கச் சக்தி வேண்டும். பாஸ்பேட்டோ உயிரணுவினுள் பலவகைப் பொருள்களில் ஏராளமாக அடங்கிக் கிடக்கிறது. பிராணவாயு அற்றுச் சக்தி தீர்ந்ததும் இறைப்பு நின்றுவிடுகிறது. வெளியே இருந்த கால்சியம், மடை திறந்தாற்போல் உள்ளே பாய்கிறது. உயிரணு சிதையும்போது பாஸ்பேட்டும் விடுபடுகிறது. சிதைந்த சவ்விலுள்ள சில கொழுப்புப் பொருள்கள் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. அவற்றின்மீது முதற் படிகம் ஊன்றுகிறது. ஊன்றியபின், சுற்றியுள்ள நீரில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் அதன்மீது மேன்மேலும் படிந்து அதனை வளர்க்கின்றன.

இங்கே உண்டாகும் வடிவம் கவனிக்கத்தக்கது. மடிந்த அணுக்களின் குழம்பு நாளத்தின் நெடுகிலும் கிடப்பதால், நாளமே அச்சாக நின்று சுண்ணாம்பை வார்த்துவிடுகிறது. ஆகவே எக்ஸ்-ரே படத்தில் இத்துகள்கள் அறுந்து கிடக்கும் மெல்லிய நூலிழைகள் போலவும், நாளம் கிளைக்குமிடத்தில் கவட்டை போலவும் தோன்றுகின்றன. இவ்வடிவத்தைக் கண்டால் வைத்தியர்கள் சிறிதும் தாமதிப்பதில்லை. விரைந்து பெருகும் புற்றிலேயே நடுப்பகுதி இங்ஙனம் மடிகின்றது என்பதே அதற்குக் காரணம்.

இரண்டாம் வழி: சுரப்பு தேங்குதல்

மெதுவாக வளரும் சிலவகைப் புற்றுகளில் உயிரணுக்கள் நாளத்தை முழுவதும் அடைத்துவிடுவதில்லை. சல்லடைக் கண்கள் போன்ற சிறு இடைவெளிகளை விட்டு வளர்கின்றன. அவ்விடைவெளிகளில் உயிரணுக்களின் சுரப்பு வெளியேற வழியின்றித் தேங்குகிறது. தேங்கிய சுரப்பில் கால்சியம் சிறுகச் சிறுகப் படிந்து, உருண்டையான நுண்மணிகளாகின்றது. இங்கே உயிரணுக்கள் மடிய வேண்டிய அவசியமில்லை. படத்தில் இவை பொடி தூவினாற்போல் காணப்படும். புற்று அல்லாத பல சாதாரண மாறுதல்களிலும் சுரப்பு இவ்வாறு தேங்கிச் சுண்ணாம்பு படிவது உண்டு. ஆகவே இவற்றைப் பார்த்த மாத்திரத்தில் நன்மை தீமையைப் பகுத்துரைப்பது கடினம்.

மூன்றாம் வழி: எலும்பு செய்யும் தொழில்

சுண்ணாம்பு படிவது மடிந்த பொருளில் நேரும் வெறும் இரசாயன நிகழ்ச்சி என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. புற்று உயிரணுக்கள் தாமே முயன்று சுண்ணாம்பைப் படிவிப்பதும் உண்டு என்பதற்கான சான்றுகள் அண்மைக் காலத்தில் கிடைத்துள்ளன.

எலும்பைக் கட்டும் உயிரணுக்கள் தமக்கே உரிய சில புரதங்களை உண்டாக்குகின்றன. ஆஸ்டியோபான்டின் என்பதும், எலும்பு உருவாக்கத்தைத் தூண்டும் பி.எம்.பி.-2 என்பதும் அவற்றுட் சில. இவை மார்பகப் புற்று உயிரணுக்களிலும் காணப்படுகின்றன. அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்னும் நொதியின் பங்கு இதில் முக்கியமானது. முன்னர்க் கூறிய காவற்பொருளாகிய பைரோபாஸ்பேட்டை இந்நொதி உடைத்துவிடுகிறது. காவலன் அகன்றதோடு, உடைந்த துண்டுகளாகிய பாஸ்பேட்டும் கல் விளைவதற்கு உதவுகிறது. ஒரே செயலில் இரு காரியங்கள் முடிகின்றன.

அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள ராயல் அறுவை வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. சுண்டெலியின் மார்பகப் புற்று உயிரணுக்களை எலும்பு வளர்ப்பதற்கேற்ற ஊட்ட நீரில் இட்டபோது, அவை எலும்பில் உள்ள படிகத்தையே உண்டாக்கின. மேற்கூறிய நொதியைத் தடுத்தபோது படிகம் உண்டாவதும் தடைப்பட்டது. இதனினும் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சோதனைக் கலங்களில் இப்படிகங்களைப் புற்று உயிரணுக்களுடன் சேர்த்தபோது, அவ்வுயிரணுக்கள் முன்னிலும் வேகமாகப் பெருகின. இடம்பெயரும் ஆற்றலும் மிகுந்தது. மனித உடலில் இதன் பங்கு எத்தகையது என்பது ஆராயப்பட்டு வருகின்றது.

இருவகைப் படிகங்கள்

மார்பகத்தில் காணப்படும் படிகங்கள் எல்லாம் ஒரே இனத்தவை அல்ல. கால்சியம் ஆக்ஸலேட் ஒருவகை. ஹைட்ராக்ஸி அபடைட் எனப்படும் கால்சியம் பாஸ்பேட் மற்றொரு வகை. ஆக்ஸலேட் படிகங்கள் பெரும்பாலும் தீங்கற்ற மாறுதல்களிலேயே உண்டாகின்றன. ஹைட்ராக்ஸி அபடைட்டோ தீங்கற்ற இடங்களிலும் தோன்றும், புற்றிலும் தோன்றும். திசுவைச் சோதிப்போர் வழக்கமாக இடும் சாயத்தில் ஹைட்ராக்ஸி அபடைட் ஊதா நிறம் பெறுகிறது. ஆக்ஸலேட்டோ சாயம் ஏற்காமல் நிற்கிறது. முனைவுற்ற ஒளியில் பார்த்தால் அது பளிச்சிட்டுத் தன்னைக் காட்டிக்கொள்கிறது.

சர் சி. வி. இராமன் 1928-இல் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவு இத்துறையிலும் பயன்படுகின்றது என்பது நமக்குப் பெருமையளிக்கும் செய்தி. அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2002-இல் அம்முறையைக் கையாண்டு, இருவகைப் படிகங்களையும் பிரித்தறிந்தனர். மேலும், ஹைட்ராக்ஸி அபடைட் வகையிலேயே, புற்றில் விளைந்ததற்கும் தீங்கற்ற இடத்தில் விளைந்ததற்கும் அமைப்பில் சிறு வேற்றுமை உண்டு என்றும், புற்றில் விளைந்ததில் கார்பனேட் குறைவு என்றும் கண்டனர். இம்முறை ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து சாதாரண ஆஸ்பத்திரிப் பழக்கத்திற்கு இன்னும் வந்துவிடவில்லை.

கண்டறியப்பட்ட வரலாறு

ஜெர்மனியின் பெர்லின் நகரத்து அறுவை வைத்தியர் ஆல்பர்ட் சாலமன், அறுத்தெடுக்கப்பட்ட மார்பகங்கள் ஏறத்தாழ 3,000-ஐ எக்ஸ்-ரே படமெடுத்துச் சோதித்து, 1913-இல் தம் ஆய்வை வெளியிட்டார். புற்றுகளில் சிறு புள்ளிகள் தென்படுவதை முதன்முதலாகக் குறிப்பிட்டவர் அவரே. யூதராகிய அவர், நாஜி ஆட்சி ஏற்பட்ட 1933-இல் தம் பதவியை இழந்தார். பின்னர், தென் அமெரிக்காவின் உருகுவே நாட்டைச் சேர்ந்த ரவுல் லெபோர்ன், உப்புப் பொடி போன்ற இத்துகள்கள் புற்றுநோயின் முக்கியமான அடையாளம் என்று 1951-இல் விளக்கினார். மார்பகத்தை மெல்ல அழுத்திப் படமெடுத்தால் துகள்கள் தெளிவாகத் தெரியும் என்பதையும் அவர் வலியுறுத்தினார். 1960-களில் பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் சார்ல் குரோ என்பவரின் முயற்சியால் மார்பகத்துக்கென்றே தனி எக்ஸ்-ரே இயந்திரம் உருவாயிற்று. அதன் வழித்தோன்றல்களே இன்று மேமோகிராம் எடுக்கும் இயந்திரங்கள்.

வடிவம் கூறும் செய்தி

படத்தில் காணும் துகள்களில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்பதை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும். வயது முதிரும்போது தமனியின் சுவரில் படியும் சுண்ணாம்பு இரட்டைத் தண்டவாளம் போல் தெரியும். பழைய நார்க்கட்டியில் படிந்தது சோளப்பொரி போல் பருத்திருக்கும். அடிபட்ட இடத்தில் கொழுப்பு அழிந்து படிந்தது முட்டை ஓடு போல் வளையமாயிருக்கும். இவை பெரியவை, எளிதில் இனங்காணத் தக்கவை. சந்தேகத்துக்குரியவை அரை மில்லிமீட்டருக்கும் சிறியனவாய், ஒன்றற்கொன்று வடிவில் மாறுபட்டனவாய், ஓரிடத்தில் நெருங்கியோ ஒரு நாளத்தின் வழியே வரிசையாகவோ இருக்கும்.

அறிக்கையின் முடிவில் 'பைராட்ஸ்' என்று ஓர் எண் குறிக்கப்பட்டிருக்கும். 0 எனில், மேலும் படங்கள் வேண்டும். 1 எனில், குறையொன்றுமில்லை. 2 எனில், காண்பது தீங்கற்றது. 3 எனில், பெரும்பாலும் தீங்கற்றதே. ஆயினும் ஆறு மாதத்தில் மறுபடியும் பார்க்கவேண்டும். 4 அல்லது 5 எனில், ஊசி மூலம் சிறிது திசுவை எடுத்துச் சோதித்தல் வேண்டும். 6 என்பது முன்னரே உறுதி செய்யப்பட்ட புற்றைக் குறிக்கும். ஊசியால் எடுத்த திசுவையே மறுபடியும் எக்ஸ்-ரே படமெடுத்து, சந்தேகித்த துகள் அதில் வந்திருக்கிறதா என்று வைத்தியர்கள் சரிபார்க்கிறார்கள். இருப்புப் புத்தகத்தில் எழுதியதைச் சரக்கு அறையில் எண்ணிப் பார்த்து உறுதி செய்வதைப் போன்ற ஏற்பாடு இது.

அங்கத்தினர் செய்யத்தக்கன

முதலாவதாக, கால்சியம் படிந்துள்ளது என்பதற்காகப் பாலையோ கேழ்வரகையோ நிறுத்த வேண்டுவதில்லை. உணவிலுள்ள கால்சியம் இத்துகள்களுக்குக் காரணமன்று.

இரண்டாவதாக, துகளே நோய் என்று கருதலாகாது. துகள் புற்றாக மாறுவதில்லை. அந்த இடத்தில் ஏதோ நடந்தது என்பதற்கு அது அடையாளம். மருந்தினால் புற்று உயிரணுக்கள் அழிந்த பின்னரும் துகள்கள் அப்படியே நின்றுவிடுவதுண்டு. அதைக் கண்டு மருந்து பலிக்கவில்லை என்று முடிவு கட்டலாகாது.

மூன்றாவதாக, கட்டி இல்லை என்பதால் அறிக்கையைப் புறக்கணிக்கலாகாது. நம் நாட்டுச் சுகாதாரத் திட்டத்தின்படி 30 வயதைக் கடந்த பெண்களுக்குக் கையினால் மார்பகப் பரிசோதனை செய்யப்படுகிறது. அது மிகவும் பயனுள்ளது. தவறாமல் செய்துகொள்ளத் தக்கது. ஆனால் இத்துகள்கள் கைக்குத் தட்டுப்படா. சாதாரண ஸ்கேன் பரிசோதனையிலும் இவை பெரும்பாலும் நன்கு தெரிவதில்லை. ஆகையால் வைத்தியர் மேமோகிராம் எடுக்கச் சொன்னால் அதனையே எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மாறாக, துகள் இல்லாமலே வரும் புற்றும் உண்டு. எனவே கட்டியோ, காம்பில் இரத்தக் கசிவோ, தோலில் சுருக்கமோ தென்பட்டால், படத்தில் சுண்ணாம்பு இல்லை என்று வாளாவிருத்தல் தகாது.

நான்காவதாக, படமெடுக்கச் செல்லும் நாளில் அக்குளிலும் மார்பிலும் பவுடரோ வாசனைப் பூச்சோ இடலாகாது. அவற்றிலுள்ள தாதுப்பொருள்கள் படத்தில் சுண்ணாம்புத் துகள் போலவே தோன்றி வீண் குழப்பம் விளைவிக்கும்.

ஐந்தாவதாக, பழைய படங்களையும் அறிக்கைகளையும் பத்திரப்படுத்தி, ஒவ்வொரு முறையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். பல ஆண்டுகளாக மாறாமல் நிற்கும் துகளுக்கும், புதிதாகத் தோன்றிய துகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பழைய படமே காட்டும். பாஸ் புத்தகத்தைப் பேணும் கருத்துடன் இதனையும் பேணுவார்களாக.

நெசவிலும் வயலிலும் வீட்டு வேலையிலும் ஓய்வின்றி உழைக்கும் நம் சகோதரிகள், தம் உடல்நலத்தைக் கடைசிச் செலவாக ஒதுக்கி வைப்பது வழக்கமாக இருக்கிறது. ஆறு மாதம் கழித்து வரச் சொன்ன வைத்தியரிடம் இரண்டு ஆண்டு கழித்துச் செல்வோர் உண்டு. நாளத்துக்குள் அடங்கியிருக்கும் நோய் அதுவரை அடங்கியே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இக்கட்டுரையைத் தங்கள் வீட்டுப் பெண்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் படித்துக் காட்ட வேண்டுகிறோம். சங்க நிர்வாகிகளும், இத்தகைய பரிசோதனைக்காக அங்கத்தினர் கோரும் உதவியை அடுத்த கூட்டத்துக்கென்று தள்ளி வைக்காமல், வந்த அன்றே கவனிப்பார்களாக.